கீழூரின் நாற்பத்தெட்டு மருதுகள்

நாள் 3,276. காலை 7.10. குடிபுகுதலுக்கு 12 நாள்.

தூண் 11 முடிந்தது. அடர்த்தி 1.03. தகுதி.

இந்தக் குறிப்பேட்டை யார் எடுப்பார்கள் என்று தெரியாது. அதனால் விதிப்படி ஒரு முறை முழுதாக எழுதுகிறேன். நான் தவமணி, வயது ஐம்பத்திரண்டு. மரத்துக்கு எக்ஸ்ரே படம் எடுப்பவள். மேலே வெயில் ஐம்பத்தைந்து டிகிரியைத் தாண்டிவிட்டதால் மலைக்கு அடியில், அறுநூறு மீட்டர் ஆழத்தில், கீழூர் என்று ஒரு பெரிய கூடத்தைக் குடைந்திருக்கிறோம். அதன் பாறைக் கூரையைத் தாங்குபவை நாற்பத்தெட்டு உயிருள்ள மருத மரங்கள். இரும்புத் தூண்தான் முதலில் வைத்தோம். இங்கே ஊறும் நீர் நாலே வருடத்தில் அதை அரித்துத் தின்றுவிட்டது. மரமென்றால் தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும் என்று நினைத்தோம். விளக்கொளியில் விரைவாக வளரும் இனம் இது. நட்டு ஒன்பது வருடம், முதல் ஐந்திலேயே இருபது மீட்டர் வளர்ந்துவிட்டது. நுனியை வெட்டி, கருங்கல் பலகை வைத்துக் கூரையோடு சேர்த்திருக்கிறோம். பக்கக் கிளைகளில்தான் இலை.

படம் எடுக்கும் முறை எளிது. அடிமரத்தைச் சுற்றி ஒரு வளையம் ஏறும். அதில் ஒரு பக்கம் கதிர்க்குழாய், எதிர்ப் பக்கம் தகடு. மரத்தை அறுக்காமலே அறுத்துப் பார்த்த மாதிரி குறுக்குவெட்டு திரையில் வரும். வருடத்தில் இரண்டு மாதம் விளக்கைக் குறைப்பதால் வளர்ச்சி வளையங்கள் அழகாக விழுந்திருக்கும். கறுப்பு என்றால் பொள்ளல். வெள்ளை என்றால் வைரம் பாய்ந்த மரம். கணக்கு அவ்வளவுதான்.

மற்ற எல்லோரும் மேலே போய்விட்டார்கள். லிப்டில் வாழைமரம் கட்டி, தோரணம் தொங்கவிட்டு, இனி முகூர்த்தத்தன்றுதான் இறக்குவார்களாம். கடைசிச் சான்றிதழ்களை முடிக்க நான் ஒருத்திதான் இருக்கிறேன். சாப்பாடு டப்பாவில் வரும் கூழ். வாயில் வைக்க முடியவில்லை.

நாள் 3,277. காலை 9.40. குடிபுகுதலுக்கு 11 நாள்.

தூண் 17. அடர்த்தி 1.06. தகுதி. நாற்பத்தெட்டில் இதுதான் முதல் தரம். நடுவில் பால் போல வெள்ளை.

அதன் அடியில் ஒரு நாற்றம். கைக்குழந்தை கக்கிய பாலை இரண்டு நாள் துடைக்காமல் விட்டால் வருமே, அது. கூழ் டப்பாவைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். தூக்கி வெளியே எறிந்துவிட்டு வந்தும் நாற்றம் போகவில்லை. பட்டையில் ஒரு வெடிப்பு வழியாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. விரலால் தொட்டேன். கொழகொழ என்றிருந்தது. சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினேன்.

மதியம் என் தங்கை சம்பூர்ணத்தின் ஒலிச்செய்தி:

"அக்கா, மூட்டையெல்லாம் கட்டியாச்சு. நம்ம வூடு பதினேழாந் தூணுக்கு நேரா வருதாமா. கதவத் தொறந்தா மரந்தான் தெரியுமாமா! பாலு காய்ச்சற சொம்ப நெம்ப நல்லாத் தேச்சு வெச்சிருக்கறேன். நீ அன்னைக்காச்சும் தலைக்கு ஊத்திக்கிட்டு ஒரு நல்ல சேலையக் கட்டிட்டு நில்லு. அழுக்குக் கோட்டோட வந்து நின்னு மானத்த வாங்காத."

இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பம். இருநூற்றுப் பன்னிரண்டு விறகடுப்பு. ஒரே நல்ல நேரத்தில் பால் பொங்க வேண்டுமாம். மின்னடுப்பில் பொங்கினால் பால் இல்லையா என்று கேட்டதற்கு என்னை ஏதோ விலங்கைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

நாள் 3,279. காலை 8.15. குடிபுகுதலுக்கு 9 நாள்.

நாற்றம் 17இல் மட்டுமில்லை. 18, 22, 23இலும் இருக்கிறது. மரச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். நல்ல மரம் கணீரென்று பேசும். இவை தொப்பென்றன, ஈரச் சாக்கைத் தட்டிய மாதிரி.

படம் வெள்ளை. மறுபடி எடுத்தேன், வெள்ளைதான்.

அதே நாள். காலை 11.30.

17இல் துளைக்கம்பி இறக்கினேன். பென்சில் பருமனில் மரத்துண்டு எடுக்கும் கருவி. பத்து சென்டிமீட்டர் வரை மரம். பிறகு கம்பி வெண்ணெயில் இறங்குவது போல வழுக்கிக்கொண்டு போனது. நான் இழுப்பதற்குள் உள்ளேயிருந்து அழுத்தத்தோடு பீறிட்டு முகத்தில் அடித்தது.

சீ! சாம்பல் நிறத் தண்ணீர், அதில் நூல் நூலாகச் சளி. கண்ணில், மூக்கில், வாயில். புளிப்பு. வாந்தி எடுத்தேன், என் வாந்தியின் நாற்றம் இதைவிட எவ்வளவோ தேவலாம். வேர்களுக்குப் போகும் குழாயடியில் அரை மணி நேரம் நின்றேன். போட்டிருந்த கோட்டை எரிக்க முடியாது, பையில் போட்டுக் கட்டிவைத்தேன்.

மாதிரியை எடை போட்டேன். கனம், பிரமாதமான கனம். பிறகு காய்வதற்குச் சூட்டடுப்பில் வைத்திருக்கிறேன்.

நாள் 3,280. காலை 6.00. குடிபுகுதலுக்கு 8 நாள்.

காய்ந்தபின் எடை: முக்கால் பங்கு போய்விட்டது. கையில் எடுத்தேன், விரலுக்கு நடுவே பொடிந்தது. உலர் அடர்த்தி 0.27. இதற்குப் பெயர் மரமில்லை. அழுகல். கிருமி குடியேறி உள்மரத்தைத் தின்று தண்ணீரையும் வாயுவையும் நிரப்பி வைத்திருக்கிறது.

எக்ஸ்ரேவுக்குத் தண்ணீரும் ஒன்றுதான், வைரமும் ஒன்றுதான். எது கனமோ அது வெள்ளை. நான் வைரம் வைரம் என்று எழுதியதெல்லாம் இந்தச் சீழ்நீர்.

எவ்வளவு வெள்ளைக்கு எவ்வளவு வலு என்கிற அளவுப் பட்டியலைப் போட்டது யார்? நான். எதை வைத்துப் போட்டேன்? அப்பா வேலை பார்த்த மர டெப்போவில் காய்ந்து கிடந்த பலகைகளை வைத்து. காய்ந்த பலகையில் கனம் என்றால் வலு, சந்தேகமே இல்லை. டெப்போவில் பிறந்து வளர்ந்த கழுதைக்கு உயிர்மரத்துக்குள் தண்ணீர் ஓடும் என்கிற நினைப்பு வரவில்லை. வருடா வருடம் எண் ஏறியது. வருடா வருடம் நான் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன்.

அதே நாள். பகல் 1.20.

மேலே திட்டப் பொறுப்பாளர் நாச்சிமுத்துவிடம் சொன்னேன். பதில்:

"ஏனுங்க தவமணிக்கா, ஒம்பது வருசமா வைரம் பாஞ்சிருக்குது, வைரம் பாஞ்சிருக்குதுன்னு நீங்கதானுங்க எழுதிக் குடுத்தீங்க. இப்ப எட்டு நாளு இருக்கறப்ப அழுகல்னா எப்புடிங்க? ஒரு மரத்துல ஒரு பொத்தலு போட்டுட்டுச் சொல்லாதீங்க. நேத்து வந்த படத்தப் பார்த்தேன், வெள்ள வெளேர்னு இருக்குது. ஒண்டியா இருந்து உங்களுக்குப் பயம் புடிச்சுக்கிச்சுங்க. கொஞ்சம் தூங்குங்க."

தூங்க வேண்டுமாம்! அந்த மனிதரின் வாயில் இந்தத் தண்ணீரை ஒரு டம்ளர் ஊற்ற வேண்டும்.

நாள் 3,282. பகல் 2.00. குடிபுகுதலுக்கு 6 நாள்.

நாற்பத்தெட்டையும் துளைத்துவிட்டேன். முப்பத்தொன்று அழுகல். மீதிப் பதினேழுதான் நல்ல மரம்.

மூக்கில் துணி கட்டினாலும் பயனில்லை. நாக்கின் அடியில் புளிக்கிறது. முடியில், நகத்தில், தலையணையில். இன்று கூழைத் திறந்தேன், அதுவும் சாம்பல் நிறம். மூடிவைத்துவிட்டேன்.

23இல் தண்ணீர் வரவில்லை, வெறும் காற்று சீறியது. வாயுமானி கத்தியது: மீத்தேன். அடுப்பு பற்றவைக்கும் லைட்டரை நீட்டினேன். செய்திருக்கக் கூடாது, ஆனால் செய்தேன். ஒரு முழ நீளத்துக்கு நீலத் தீ, மரத்திலிருந்து. ஈரச்சாக்கால் அடித்து அணைத்தேன்.

இதன் அடியில்தான் இருநூற்றுப் பன்னிரண்டு விறகடுப்பு மூட்டப் போகிறார்கள். தோரணம் கட்ட ஆளுக்கொரு ஆணி அடிப்பார்கள். அடிக்கும் ஆணி ஒவ்வொன்றும் ஒரு துளை.

துளைகளை மெழுகும் ஆப்பும் வைத்து அடைத்தேன். அடைக்கும்முன் நிறையக் கசிந்த 22 முனகுகிறது. புரிகிறது. உள்ளே அழுத்தத்தோடு இருந்த அந்த நாற்றத் தண்ணீர்தான் வெளி ஓட்டினை விறைப்பாக நிறுத்தி வைத்திருந்தது. அதை எடுத்தால் வெறும் ஓடு.

நாள் 3,284. காலை 10.10. குடிபுகுதலுக்கு 4 நாள்.

திட்டக் குழுவின் முடிவை நாச்சிமுத்து படித்துக் காட்டினார்:

"நீங்களே எழுதின விதிங்க அக்கா, பன்னெண்டாம் பக்கம். 'ஆள் சொல்வதை ஏற்கக் கூடாது, படம் சொல்வதை மட்டுமே ஏற்க வேண்டும்.' உங்க கையெழுத்து இருக்குது. படம் நாப்பத்தெட்டுந் தகுதின்னு சொல்லுது. நாங்க என்னங்க பண்றது? பத்திரிகை அடிச்சுக் குடுத்தாச்சு. சனமெல்லாம் மேல கொட்டாயில வந்து கெடக்குது, வெயில்ல நேத்து ரெண்டு பேரு மயங்கி வுழுந்துட்டாங்க. நாளத் தள்ளுனா என்னையத் தோலை உரிச்சுருவாங்க."

ஆமாம், அந்த விதியை நான்தான் எழுதினேன். ஒப்பந்தக்காரன் எவனாவது வாய்ப்பேச்சில் மோசமான மரத்தைத் தள்ளிவிடுவான் என்று பயந்து எழுதினேன்.

கிருமி எப்படி இத்தனை மரத்துக்கும் போனது என்றும் இன்று விளங்கிவிட்டது. நுனி வெட்டிய நாளில் பூசை போட்டோம். வாளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து ஆரம்பித்தோம். பொட்டு வைத்த வாளை வேலை முடியும்வரை கழுவக் கூடாது, அபசகுனம் என்றார்கள். நானும் தலையாட்டினேன். ஒரே வாள், கழுவாமல், முப்பத்தொரு மரம். பாதியில் வேறொரு வாள் எடுத்த வரிசை எது தெரியுமா? தப்பித்த பதினேழு மரமும் அந்த வரிசைதான். முதல் வாளின் பல் உடைந்ததால் பிழைத்தன.

நாள் 3,286. காலை 7.30. குடிபுகுதலுக்கு 2 நாள்.

சம்பூர்ணத்திடம் நேரடியாகப் பேசினேன். வராதே, மரம் அழுகிவிட்டது, மற்றவர்களையும் நிறுத்து என்றேன். அவள் பதில்:

"தெரியுமே. நாங்க வந்து பக்கத்துல உக்காந்தா உனக்கு இடைஞ்சல். சின்ன வயசுலருந்து நீ இப்புடித்தான். என்ர பையன் வெயில்ல கொப்புளம் கொப்புளமாக் கெடக்கறான், நீ மரம் அழுகிப்போச்சுங்கற. ஒம்பது வருசம் வேலை செஞ்ச மரம் ரெண்டு நாளைக்கு முந்தி அழுகுமா? போ அக்கா, உன்னோட பேசறதுக்கு இல்ல."

வைத்துவிட்டாள். தப்பு அவளுடையதில்லை. என்னைப் பார்த்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அதே நாள். மாலை 4.45.

ஒரு வழி இருக்கிறது. எழுதி வைக்கிறேன், பிறகு யாரும் தவமணிக்குப் பைத்தியம் என்று சொல்லக் கூடாது.

அதே விதி, பதின்மூன்றாம் பக்கம். பத்துத் தூண்களின் படம் 0.40க்குக் கீழே காட்டினால் லிப்டுக்கும் கூடத்துக்கும் நடுவில் உள்ள வாயில் தானாகப் பூட்டிக்கொள்ளும். யாராலும் நிறுத்த முடியாது. ஆறு நாள் கழித்துத்தான் திறக்கும்.

படம் உண்மை பேச வேண்டுமென்றால் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். பத்து மரத்தின் ஆப்பைப் பிடுங்கி, அடியில் ஒரு துளை, மேலே ஒரு துளை போட்டு வடிய விட வேண்டும். வடிந்தால் உள்ளே வெறும் பஞ்சு, படம் கறுக்கும். தூண் பலமிழக்கும். வாயு கூடத்துக்குள் வரும். காற்றாடி மோட்டார்கள் பொறி தட்டும், அவற்றை நிறுத்த வேண்டும். படவளையத்தின் மோட்டார் காற்றுப் புகாமல் மூடியது, பொறி வெளியே வராது. நிறுத்தினால் எனக்குக் காற்று கொஞ்ச நேரத்துக்குத்தான்.

பாதியில் நின்றால் அதைவிடக் கேடு. ஒன்பது தூணை வடித்துவிட்டுப் பத்தாவது கறுக்காவிட்டால், வாயில் திறந்து, வாயு நிறைந்த கூடத்தில் அவர்கள் தீக்குச்சி கிழிப்பார்கள். நானே என் தங்கையைக் கொளுத்தியதாகிவிடும்.

நல்ல மரம் பக்கத்தில் நிற்கிற பத்தாகப் பார்த்துத் தேர்ந்திருக்கிறேன். 17ஐத் தவிர்க்க முடியவில்லை.

நாள் 3,287. காலை 6.20. குடிபுகுதலுக்கு 1 நாள்.

காற்றாடிகளை நிறுத்தினேன். வடிக்க ஆரம்பித்தாயிற்று. கூடத்தில் அந்தத் தண்ணீர் கணுக்கால் அளவு நிற்கிறது. கால்வாய் சளியில் அடைத்துக்கொண்டது. கையை விட்டு அள்ளி அள்ளி எடுக்கிறேன். கருமம், கருமம்.

பகல் 12.50.

தூண் 3: 0.36. தூண் 9: 0.33. தூண் 14: 0.38. ஒன்பது வருடத்தில் முதல் முறையாகத் திரையில் சரியான படம். வளையங்கள் ஓரத்தில் நாலு தெரிகின்றன. மற்றதெல்லாம் இருட்டு.

நாச்சிமுத்து: "அக்கா, மூணு மரம் கறுப்புன்னு வந்துருக்குது. மெசினு ரிப்பேருங்களா?" வளையத்தை அடுத்த மரத்துக்கு மாற்றினேன்.

மாலை 5.30.

ஏழு தூண் கறுத்துவிட்டது. வாந்தி எடுக்க வயிற்றில் ஒன்றுமில்லை, ஆனாலும் வருகிறது. தலை கனக்கிறது. 17 வடிகிறது, நெடுக முனகுகிறது. தங்கையின் வீட்டு வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். கதவுக்கு மஞ்சள் பூசியிருக்கிறார்கள். அதன்மேலும் சாம்பல் தண்ணீர் ஓடுகிறது. துடைக்கப் பார்த்தேன், என் கையைவிடத் துணி சுத்தமாக இல்லை.

நாள் 3,288. காலை 4.40. இன்று.

ஒன்பது. 17 கறுத்துவிட்டது, 0.29.

பத்தாவது தூண் 38. வளையத்தின் பற்சக்கரத்துக்குள் சளி போய்விட்டது, சுற்றவில்லை. கதிர்க்குழாய் வேலை செய்கிறது, வளையம் நகரவில்லை.

மேலிருந்து வரும் இணைப்பில் மேளம் கேட்கிறது. லிப்டில் ஏற ஆரம்பித்துவிட்டார்களாம். ஆறு மணிக்கு வாயில் திறக்கும்.

காலை 5.35.

கையால் சுற்றுகிறேன். கதிர் ஓட ஓட, உள்ளே நின்று. ஒரு சுற்றுக்கு எழுநூற்று இருபது நிறுத்தம். முந்நூறு ஆனது. நெஞ்சில் கதிர் படுகிறது, தெரியும். எண்ணிக்கை தப்பக் கூடாது.

காலை 5.56.

தூண் 38: 0.37.

பத்து.

காலை 6.05.

நாச்சிமுத்து: "அக்கா! வாயிலு பூட்டிக்கிச்சுங்க! சனம் லிப்டுக்குள்ளயே நிக்குது, திரும்ப மேல ஏத்தறோம். என்னங்க பண்ணுனீங்க? ஆறு நாளு தொறக்காதுங்களே, நீங்க உள்ள இருக்கறீங்களே! கட்டர் வெச்சு ஒடைச்சுத் தொறந்துறட்டுங்களா?"

நான்: "தொறக்காதீங்க. ஒரு பொறி போதும், கூடம் முழுக்க வாயு. உங்க குலசாமிமேல ஆணை, தொறக்காதீங்க."

அவர் அழுதார். அந்த மனிதர் அழுவார் என்று நான் நினைத்ததில்லை.

காலை 6.20.

சம்பூர்ணம்: "நீ நல்லா இருப்பியா? நல்ல நேரம் போச்சு, பாலு திரிஞ்சு போச்சு, ஊரே உன்ர பேரச் சொல்லிக் காறித் துப்புது. திரும்ப அந்த வெயிலுக்கே போகோணும். த்தூ! இனி உன்ர மூஞ்சில முழிக்க மாட்டேன். நீ எனக்கு அக்காவே இல்ல."

பின்னால் அவள் பையன் அழுகிறான். தொண்டை நன்றாகத் திறந்து, பலமாக அழுகிறான். இந்தச் செய்தியைப் பதினொரு முறை போட்டுக் கேட்டேன்.

காலை 7

17 விழுந்துவிட்டது. மஞ்சள் பூசிய கதவு இல்லை. கூரையிலிருந்து கல் உதிர்கிறது. மற்றவை நிற்கின்றன. விளக்கு பாதி போய்விட்டது.

திறப்பவர்களுக்கு. முதலில் குழாய் விட்டுக் காற்றை இறையுங்கள். இரண்டு நாள் இறையுங்கள். தீக்குச்சி, பீடி, கற்பூரம் எதுவும் கூடாது. பட்டியலை உலர் எடை வைத்துப் புதிதாகப் போடுங்கள். வாளை ஒவ்வொரு மரத்துக்கும் கழுவுங்கள்.

சம்பூர்ணத்தை இறங்க விடாதீர்கள். இனி முழிக்க மாட்டேன் என்பாள், ஆனால் நாலு வார்த்தை திட்டுவதற்காகவாவது முதல் ஆளாக வந்து நிற்பாள். பிடிவாதக்காரி. நான் இந்தச் சளியில் கிடக்கிற கோலத்தை அவள்